வெயிலில் காட்டி வாங்கிய லேப்டாப்

திங்கட்கிழமை காலை புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூவரும் இந்த மேசைக்குப் பின்னால் நிற்பீர்கள். நான் பினாங்கில் வேறொரு வேலையின் முதல் நாளில் முழித்துக்கொண்டிருப்பேன். ஆறு வருடம் சிரம்பானில் லேப்டாப் விற்றுவிட்டு நான் இருபத்தெட்டு வயதில் பணி ஓய்வு பெறுகிறேன் என்று நம் சர்வீஸ்காரன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். பொன்னாடைகூட வாங்கி வைத்திருக்கிறானாம். போர்த்த வந்தால் அவன் கழுத்திலேயே சுற்றிவிடுவேன்.

கடையைச் சுற்றிக் காட்டியபோது நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். மேசைக்கு முன்னால், ஆட்கள் நடக்கிற இடத்தில், எதற்கு ஒரு நாற்காலி? வெளியே அஞ்சடி நடைபாதையில், கூரை நிழல் முடிகிற இடத்தில், எதற்கு ஓர் உயரமான முக்காலி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது? அப்போது வாடிக்கையாளர் வந்துவிட்டார். இப்போது எழுதிச் சொல்கிறேன். பிராசஸர், ரேம் எல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. அது பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. இது எந்தப் பெட்டியிலும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் நான் எப்படிப்பட்ட விற்பனையாளர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நல்லவள். அதாவது, நல்லவள் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தவள். யாராவது உள்ளே வந்து, "இது அழகா இருக்கே" என்று ஒரு மெல்லிய லேப்டாப்பைத் தடவினால் எனக்குக் கோபம் வரும். அழகா முக்கியம்? அதே விலைக்கு இரண்டு மடங்கு வேகமான மெஷின் பக்கத்திலேயே இருக்கிறதே! உடனே ஓடிப்போய்ப் பாடம் எடுப்பேன். பலரைக் காப்பாற்றிவிட்டதாக நம்பினேன். அந்தச் சமயத்தில் என் பைக்குள் இருந்த சொந்த லேப்டாப், செம்பு நிறம், கண்ணாடி போன்ற திரை, அதன் மேல் விரல் ரேகை படக்கூடாது என்று ஒரு பஞ்சுத் துணி. அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கணவனும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். கை முழுக்க மூடிய சட்டை, முகத்தில் தொப்பி மறைத்த இடத்துக்குக் கீழே மட்டும் வெயில் நிறம். கோலா கிளாவாங் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து மலைப்பாதை வளைவெல்லாம் மோட்டாரில் இறங்கி வந்திருந்தார்கள். கணவருக்குத் தலைக்கவசம் அழுத்திய கோடு நெற்றியில் இன்னும் இருந்தது.

"வாங்கக்கா, பசியாறிட்டீங்களா? மகளுக்கா, மகனுக்கா?" என்றேன். என் வழக்கமான முதல் வரி.

"எனக்கு" என்றார் அவர்.

நான் சிரித்து மழுப்புவதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "எங்களுக்குப் பிள்ளைங்க ரெண்டு இருக்கு தங்கச்சி. அதுங்களுக்குப் போன் போதும். இவங்க மண்டோர். அம்பது பேரை வெரட்டுறவங்க. நான் வெறும் லோரி டிரைவர், நானே 'மண்டோரம்மா'ன்னுதான் கூப்பிடறது."

"வாய மூடுங்க. கடையில வந்து" என்றார் மண்டோரம்மா, ஆனால் சிரித்துக்கொண்டே.

தோட்டத்தில் மண்டோர் என்றால் வயலில் ஆட்களை மேய்க்கிறவர். அவருக்கு மேலே கண்டக்டர், வயல் முழுவதையும் பார்த்து மேனேஜரிடம் நேராகப் பேசுகிறவர். அந்தக் கண்டக்டர் இடம் காலியாகியிருந்தது. வியாழக்கிழமை நேர்முகம். மண்டோரம்மா மனுப் போட்டிருந்தார். அவர் தோட்டத்தில் ஒரு பெண் அந்த இடத்துக்கு மனுப் போட்டது அதுதான் முதல் தடவை.

அவர் கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். உள்ளே ஒரு வரைபடம். அவர் பொறுப்பில் இருந்த வயலின் ஒவ்வொரு மரமும் ஒரு புள்ளி. பச்சைப் புள்ளி நல்ல மரம், சிவப்புப் புள்ளி அடித்தண்டு அழுகிச் சாகிற மரம். ஒவ்வொரு சிவப்புக்கும் அவர் போனில் எடுத்த ஒரு படம். ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, பாதி வரைக்கும் செய்திருந்தார். மீதியை முடிக்கச் சொந்தமாக ஒன்று வேண்டும். முடித்ததை எடுத்துப் போய் நேர்முகத்தில் மேனேஜருக்கும் தலைமை அலுவலகத்து ஆளுக்கும் காட்டவேண்டும், வயலில் இறங்கியும் காட்டவேண்டியிருக்கும்.

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. ஒரு பழைய வாய்க்கால் ஓரமாக வரிசை கட்டி நகர்ந்திருந்தன. படிக்கத் தெரியாதவர்கூடப் பார்த்தால் புரியும். எனக்குப் பட்டம் இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக ஒரு விஷயத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

உடனே என் உற்சாகம் கிளம்பிவிட்டது. "அக்கா, உங்களுக்கு வேகம்தான் முக்கியம்" என்று கேமிங் மெஷினைத் திறந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. காற்றாடி உறுமியது. பக்கத்தில் விலை குறைந்த கறுப்பு ஆபீஸ் மாதிரி ஒன்று, அதற்குப் பக்கத்தில் காட்சிக்காக இருந்த மெல்லிய வெள்ளை. உடம்பும் வெள்ளை, விசைகளும் வெள்ளை. ஒரு விரலால் மூடியைத் தூக்கினால் அடிப்பாகம் மேசையை விட்டு அசையாது. அந்தக் கீலைச் செய்தவனை எனக்கு நேரில் பார்க்க ஆசை.

அவர் மூன்றிலும் தன் படத்தைத் திறக்கச் சொன்னார். கறுப்பு மெஷினில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இது இன்னும் தூங்குதுலா" என்றார் கணவர்.

கேமிங் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. வெள்ளை, ஒரு மூச்சு விடும் நேரத்தில்.

"பார்த்தீங்களாக்கா?" என்றேன், கேமிங்கைத் தட்டிக்கொடுத்து. என் கணக்கில் விஷயம் முடிந்துவிட்டது.

மண்டோரம்மாவுக்கு முடியவில்லை. அவர் கேமிங் மெஷினைக் கையில் தூக்கினார். அதன் சார்ஜரையும் தூக்கினார். செங்கல் மாதிரி இருந்ததைக் கணவரிடம் காட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, "இத வெளிய கொண்டு போலாமா?" என்றார்.

"எங்கக்கா?"

"வெயிலுக்கு."

அதுவரை மூன்று வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. காட்சிக்கு வைத்தவற்றைக் கம்பி போட்டுக் கட்டியிருப்போம். வாசலைத் தாண்டினால் மணி அடிக்கும். நான் தயங்கியதைப் பார்த்துக் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என்னைப் பிடிச்சு வச்சுக்குங்க தங்கச்சி. ஆனா இவங்க லேப்டாப்போட ஓடிட்டா என்னை மீட்க வருவாங்கன்னு நான் உறுதி சொல்ல முடியாது."

கம்பியை அவிழ்த்தேன். மூன்றையும் ஒவ்வொன்றாக நடைபாதை ஓரத்துக்குக் கொண்டுபோனோம். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். பகல் வெயிலில் கேமிங் மெஷினின் திரை கறுப்பாகிவிட்டது. அந்தச் சூரர் அங்கே சும்மா ஒரு பலகை. ஆபீஸ் மாதிரியில் பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் ஒரே சாம்பல் நிறம். வெள்ளையில் மட்டும், கண்ணைச் சுருக்கினால், வாய்க்கால் தெரிந்தது. அதன் ஓரத்துச் சிவப்பும் தெரிந்தது.

"நான் வேலை செய்யற எடம் இது" என்றார் அவர், தலைக்கு மேலே சூரியனைக் காட்டி. "உங்க கடைக்குள்ள நல்லா இருந்து எனக்கு என்ன?"

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வேகம், செயல்திறன் என்று நான் கூவிக்கொண்டிருந்தது குளிர்சாதனக் கடைக்குள், மேசை மேல், மின்சாரம் செருகிய நிலையில். அவருடைய வேலை நடக்கும் இடத்தில் அந்த வேகத்தைப் பார்க்கவே முடியாது. வேகம் என்பது மெஷினுக்குள் மட்டும் இருப்பதில்லை. எங்கே உட்கார்ந்து, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போய் என்று கேட்காமல் அதை அளக்க முடியாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒருவர் தன் வேலையைப் பார்க்கும்போது நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

வெள்ளை அவர் மனத்தில் வைத்திருந்த விலையைவிட அறுநூறு ரிங்கிட் கூடுதல். கணவர் காதோரம் சொறிந்தார். என் பழைய புத்தி விடவில்லை. "அக்கா, இதே மாதிரி திரை, ஆனா உடம்பு கொஞ்சம் தடியா, நிறம் கொஞ்சம் மங்கலா, அடுத்த வாரம் ஒண்ணு வரும். விலையும் குறைவு. அழகுக்குப் போய்க் காசு போடாதீங்கலா. அது ரெண்டாவது."

அவர் வெள்ளையின் மூடியை ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கணவருக்குக் கேட்காமல் இருக்கவேண்டும் என்பது போல, சொன்னார்.

"தங்கச்சி, அந்த ஆபீஸ்ல நான் பதினாலு வருஷமா பேசிட்டு இருக்கேன். எல்லாம் நின்னுகிட்டேதான். பூட்ஸ வாசல்ல கழட்டிப் போட்டு, தொப்பியக் கையில புடிச்சுகிட்டு. ஒரம் விக்க ஒரு பையன் வருவான் சிரம்பான்லேர்ந்து, என் வயசுல பாதி. லேப்டாப்ப மேசையில வைப்பான். வச்ச ஒடனே நாற்காலி வரும். என் வயல்ல எந்த மரம் சாவுதுன்னு அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனா நாற்காலி அவனுக்கு. மேசையில வைக்கறதுக்கு ஒரு பொருள் வேணும். நல்லா இருக்கற பொருள். அத வச்சாவது என்னைய ஒருதடவ உட்காரச் சொல்லட்டும்னு பாக்கறேன். இது ரெண்டாவதா?"

பில் போட்டேன்.

பில் போடும்போது எனக்கு ஒரு விஷயம் தெரியும். அதைச் சொல்லவில்லை. கறுப்பு ஆபீஸ் மாதிரியில் கீபோர்டில் தண்ணீர் சிந்தினால் வடிந்து அடியில் போக வழி உண்டு. வெள்ளையில் கிடையாது, விசைகளுக்கு நடுவே இறங்கினால் நேராக உள்ளேதான். மெலிவுக்குக் கொடுக்கிற விலை அது. ஆபீஸ் மேசையில் யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

நான் மம்பாவில் வளர்ந்தவள். என் அப்பா வாங்கிய ஒவ்வொரு மோட்டாருக்கும் பூசை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது கைதட்டியவள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்த பத்தாவது நிமிடம் இருவரும் வந்தார்கள். மண்டோரம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். மேசையில் வைத்துத் திறந்தார். திரை கறுப்பு. வெள்ளை விசைகளின் ஓரமெல்லாம் மஞ்சள். மூடியில் நட்ட நடுவே சந்தனம், அதன் மேல் குங்குமப் பொட்டு, மிகவும் நேர்த்தியாக.

"தோட்டத்து முனீஸ்வரன் கோயில்ல வச்சோம்" என்றார் கணவர். "பூசாரி எலுமிச்சம்பழத்த வச்சுகிட்டு, 'சக்கரம் இல்லையே, எதுக்குக் கீழ வைக்கறது'ன்னு கேட்டாரு. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

"மாவெலையால மஞ்சத்தண்ணி தெளிச்சது நான்தான்" என்றார் மண்டோரம்மா. "ரொம்ப இல்ல. மூணு தடவ."

வரைபடத்தை ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் முடித்திருந்தார். முடித்தது இதற்குள் மட்டும்தான் இருந்தது. தோட்டத்தில் இணையம் கிடைப்பது பெரிய சுசா, படாத பாடு; எங்கேயும் ஏற்றி வைக்கவில்லை. பென்டிரைவில் இருந்தது பழைய பாதி. நேர்முகம் நாளை மறுநாள்.

சர்வீஸ்காரன் எட்டிப் பார்த்தான். ரஹாங்கில் பிறந்தவன், என் வயது, நல்ல வார்த்தையை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவன். மெஷினை மூக்கருகே கொண்டுபோனான். "அலாமா. இவ்ளோ வாசமா ஒரு லேப்டாப் நான் பார்த்ததே இல்ல." மண்டோரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

இப்போது முடிவு எடுக்கவேண்டியது நான். முதலாளி மலாக்காவில், போனை எடுக்கவில்லை. வழி இரண்டு. மெஷினைத் திறக்காமல், முத்திரை உடைக்காமல், கோலாலம்பூர் சர்வீஸ் நிலையத்துக்கு அனுப்பலாம். இரண்டு வாரம் ஆகும். படிவத்தில் 'தானாக அணைந்தது' என்று எழுதி, மஞ்சளைத் துடைத்து அனுப்பினால், அதிர்ஷ்டம் இருந்தால் புதிதே வரலாம். அல்லது இங்கேயே, இப்போதே திறந்து கழுவி உலர்த்தலாம். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். திறந்த நொடியில் உத்தரவாதம் போய்விடும். முத்திரை உடைக்கக்கூடாது என்பது முதலாளியின் முதல் சட்டம்.

படிவம் என் கையில் இருந்தது. 'பழுதுக்குக் காரணம்' என்ற கட்டத்துக்கு மேல் பேனாவை வைத்துக்கொண்டு நான் அவர்களைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதத் தயாராகத்தான் இருந்தேன். அன்பினால்தான். கணவர் புரிந்துகொண்டார். "தானா நின்னுபோச்சுன்னு போடுங்க தங்கச்சி. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்" என்றார் மண்டோரம்மா. "மஞ்சத்தண்ணி தெளிச்சேன்னே எழுதுங்க."

"ஏய், புது மெஷின் போயிரும்."

"செத்த மரத்த நல்ல மரம்னு எழுதிக் குடுத்த மண்டோருங்களாலதான் அந்த வாய்க்கா ஓரம் பூரா போச்சு. நாலு வருஷமா எழுதுனாங்க. அதச் சொல்லத்தான் நான் வியாழக்கெழம போறேன். போறதுக்கு முன்னாடி நானே ஒண்ணு எழுதிட்டுப் போவவா?"

சர்வீஸ்காரன் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

"தெறந்தா என்ன ஆவும், தெறக்காட்டி என்ன ஆவும், ரெண்டையும் சொல்லுங்க" என்றார் என்னிடம். சொன்னேன். பாதி பாதி வாய்ப்பு என்றேன். அதுகூட ஊகம்தான் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "தெறங்க."

'மஞ்சள் தண்ணீர்' என்று எழுதினேன். முத்திரையை உடைத்தது யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதுவரை நான் போட்ட கையெழுத்துகளிலேயே கோணலானது அதுதான். ஆனால் இந்த ஆறு வருடத்தில் எனக்குப் பிடித்த கையெழுத்தும் அதுதான்.

உள்ளே திறந்தால் காற்றாடியில் விபூதி. சர்வீஸ்காரன் ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, கோயில் சிலையைத் துடைக்கிற பக்தியோடு, ஒவ்வொரு மூலையாகத் துடைக்க ஆரம்பித்தான். அவனை நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இந்த ஆள் வேறு எங்கோ இருக்கவேண்டியவன் என்று தோன்றியது. அவனிடம் சொல்லாதீர்கள்.

"ராத்திரி பூரா காயணும். நாளைக்கு மத்தியானம்தான் சுவிட்ச தொடுவேன். அதுக்கு முன்னாடி யாரும் என் மேச பக்கம் வராதீங்க" என்றான்.

மண்டோரம்மா கிளம்பிப் போக மனமில்லாமல் நின்றார். நின்றார் என்று எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது: இரண்டு முறை வந்தும், மணிக்கணக்காக, நம் கடையிலும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். அப்போது நம்மிடம் வாடிக்கையாளருக்கு நாற்காலி கிடையாது.

நான் என் பையிலிருந்து செம்பு நிற லேப்டாப்பை எடுத்தேன். பஞ்சுத் துணியை அவிழ்த்தேன். "அக்கா, அது வரலன்னா இத எடுத்துட்டுப் போங்க. பழைய பாதிப் படத்த இதுல போட்டுத் தரேன்."

அவர் அதை ஆசையாகத் தடவிப் பார்த்தார். பிறகு, பழக்கம் விடுமா, நேராக வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் திறந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கண்ணாடித் திரை பளபளத்தது.

"தங்கச்சி" என்றார், சிரிப்பை அடக்க முடியாமல். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "இதுல என் மூஞ்சிதான் தெரியுது. வயல்ல போய் மேனேஜருக்கு அவர் மூஞ்சியக் காட்டவா?"

ஊருக்கெல்லாம் அழகு இரண்டாவது என்று பாடம் எடுத்தவள் நான். என் சொந்தப் பைக்குள் அழகைத் தவிர வேறொன்றும் இல்லை. அவருடைய வெள்ளை அப்படியில்லை. அவர் அழகை எதற்கு என்று தெரிந்து, வேகத்தைத் தன் வெயிலில் அளந்து, விலையைத் தன் பதினாலு வருடத்தோடு வைத்துப் பார்த்து எடுத்தார். நான் நிறத்துக்காக எடுத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் சர்வீஸ்காரன் சுவிட்சைத் தொட்டான். ஒன்றும் இல்லை. மறுபடி தொட்டான். பிறகு திரையில் வெளிச்சம் வந்தது. யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைபடம் திறக்கிறதா என்று பார்த்தோம். பச்சை. பிறகு சிவப்பு. முழுசாக இருந்தது.

ஆனால் வலது பக்கத்து விசைகள் சில செத்துவிட்டன. அம்புக்குறி வேலை செய்யவில்லை; அடுத்த பக்கத்துக்குப் போக மவுஸ்தான் வேண்டும். மஞ்சள் கறை போகவே இல்லை. சர்வீஸ்காரன் எவ்வளவோ துடைத்தான். கீபோர்டை மாற்ற ஒரு வாரம் ஆகும். வெள்ளை வெளேரென்று மேசையில் வைக்க ஆசைப்பட்டு வாங்கிய பொருள், இப்போது கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி இருந்தது. மண்டோரம்மா அந்தக் கறையை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

"பரவால்ல" என்றார். ஆனால் அவர் குரலைக் கேட்டால் பரவாயில்லை போலத் தெரியவில்லை.

அன்று மாலைக்குள் முதலாளி திரும்பினார். முத்திரை விஷயத்தைப் பார்த்தார். அரைமணி நேரம் நான் தலையைக் குனிந்து நின்றேன். அதை விவரமாகச் சொல்லவேண்டாம். உங்களுக்கும் ஒருநாள் கிடைக்கும்.

வியாழக்கிழமை பிற்பகல் போன் வந்தது.

"தங்கச்சி, நான்தான்."

"அக்கா! என்னாச்சு?"

"இரு, மொதல்லேர்ந்து சொல்றேன். உள்ள போனேன். பூட்ஸ கழட்டிட்டுதான் போனேன், அது என்னமோ விட முடியல. மேனேஜர், தலைமை ஆபீஸ் ஆளு, ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. நான் நிக்கறேன். மேசையில லேப்டாப்ப வச்சுத் தெறந்தேன். ஒண்ணும் சொல்லல, நாற்காலி வரல. சரின்னு நின்னுகிட்டே ஆரம்பிச்சேன். அந்த அம்புக்குறி வேல செய்யலல்ல? ஒவ்வொரு படத்துக்கும் குனிஞ்சு மவுஸப் புடிக்கணும், நிமிந்து பேசணும். குனியறேன், நிமிர்றேன். நாலாவது படத்துல மேனேஜர் கையக் காட்டி நிறுத்தினாரு. 'இது என்ன மஞ்ச மஞ்சளா'ன்னு மலாய்ல கேட்டாரு. சொன்னேன். கோயில்ல பூச போட்டேன் துவான், தண்ணி உள்ள போயிருச்சு, கடைக்காரங்க காய வச்சுக் குடுத்தாங்கன்னு. அந்தத் தலைமை ஆபீஸ் ஆளு சிரிச்சுட்டாரு. மேனேஜர் சிரிக்கல. எழுந்திரிச்சாரு. அவரே, தங்கச்சி, அவரே மூலையில இருந்த நாற்காலிய இழுத்து வந்து போட்டு, 'டூடோக், டூடோக்'ன்னு உக்காரச் சொன்னாரு. 'சாகற மரத்தப் பத்தி நின்னுகிட்டுச் சொன்னா எனக்குக் கழுத்து வலிக்குது, உக்காந்து முழுசாச் சொல்லு'ன்னாரு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"லேப்டாப்புக்காகப் போட்டாரா, மஞ்சளுக்காகப் போட்டாரா, வாய்க்காலுக்காகப் போட்டாரான்னு எனக்குத் தெரியல" என்றார். "உக்காந்துட்டேன். அதுக்கப்புறம் வயலுக்கும் போனோம். வெயில்ல தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது."

"வேல கெடச்சிருச்சாக்கா?"

"தெரியாது. மூணு வாரம் ஆவுமாம். நான் அதச் சொல்லவா போன் போட்டேன்?"

வேலை கிடைத்தது. அது எனக்கு ஒரு மாதம் கழித்து, அவர் மறுபடி கடைக்குள் வந்தபோதுதான் தெரிந்தது. கூடவே மூன்று பெண்கள்: ஒருவர் தோட்டத்து ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர், ஒருவர் பக்கத்துத் தோட்டத்து மண்டோர், ஒருவர் எதுவுமில்லை, சும்மா பார்க்க வந்தவர். கணவர் வழக்கம்போல் வாசலில், "இந்தத் தடவ என்னைய அடமானம் வைக்காதீங்க" என்று கத்தினார்.

வெள்ளை லேப்டாப்பையும் கொண்டுவந்திருந்தார். "கீபோர்ட் வந்திருச்சுக்கா, மாத்திடலாம்" என்றேன். செத்த விசைகளை மட்டும் மாற்ற முடியுமா, மஞ்சள் பட்ட மற்றதை அப்படியே விட்டுவிட முடியுமா என்று கேட்டார். சர்வீஸ்காரன் அப்படியெல்லாம் முடியாது என்று மூன்று நிமிடம் விளக்கினான். பிறகு அப்படியே செய்து கொடுத்தான்.

நான் உள்ளே ஓடி, முதலாளியின் அறையிலிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் போட்டேன். "உட்காருங்கக்கா."

அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூட வந்த பெண்களுக்கு எதுவும் புரியவில்லை. அவர் மெதுவாக உட்கார்ந்தார். காலை நீட்டினார். மேசையை இரண்டு தட்டு தட்டினார்.

"சரி. இப்ப நீங்க நில்லுங்க. மூணு லேப்டாப் எடுங்க. வெலையச் சொல்லாதீங்க, மொதல்ல வெயிலுக்குத் தூக்கிட்டுப் போய் இவங்களுக்குக் காட்டுங்க."

நின்றேன். தூக்கிக்கொண்டு போனேன். அடுத்த வாரம் முக்காலி வாங்கி வைத்தேன். பில் மேசைக்கு அடியில் கத்தரித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் தாள்களைப் பார்த்திருப்பீர்கள், கீபோர்டை மூடுவதற்கு. மெஷினைக் கொடுக்கும்போது யாராக இருந்தாலும், "பூசை போடுவீங்களா? தண்ணிய பெட்டிக்குத் தெளிங்க, பொட்டு மூடிக்கு வைங்க" என்று சொல்லித் தாளையும் கொடுங்கள். ஒரு மலாய்க்காரப் பெரியவர் என்னிடம் அதை வாங்கிக்கொண்டு, எங்களுக்குப் பிரார்த்தனை மட்டும்தான், ஆனால் பேரன் காப்பி ஊற்றுவான் என்று சொல்லிச் சந்தோஷமாகப் போனார்.

முதலாளி திங்கட்கிழமை உங்களிடம் நாற்காலி இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடு என்று சொல்வார். எல்லாப் புது ஆட்களிடமும் சொல்வார். சரி என்று தலையாட்டுங்கள். எடுக்காதீர்கள். கதவு திறந்து யாராவது உள்ளே வந்தால், யாருக்கு என்று ஊகிக்காதீர்கள், எவ்வளவு பட்ஜெட் என்று கேட்காதீர்கள். முதலில் நாற்காலியைக் காட்டுங்கள்.